நட்ட மரம் ஏதுமில்லை

மார்ச் 8, செவ்வாய்

காலையில் இரண்டு காதுவலி, ஒரு வெட்டுக்காயம், மலேரியாவுக்கு ஐந்து ரத்தச் சோதனை. ஐந்தில் மூன்று பேருக்கு இருக்கிறது. கிளினிக் தண்ணீர்த் தொட்டியில் மறுபடி பல்லி செத்துக் கிடந்தது, இறைத்துக் கொட்டினேன்.

மாலையில் என் வீட்டுக்காரன் கேஸ்பர் கூட்டுறவுக் கடையிலிருந்து அரிசியோடு வந்தான். பையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றான்.

"நெஸ்தா, உங்க கரையில கட்நட் மரம் எத்தனை?"

"பதினேழு. எதுக்குக் கேக்கறே?"

"கடைச் சுவத்துல ஒரு காகிதம் ஒட்டியிருக்கு. ஒண்ணுகூட இல்லைன்னு எழுதியிருக்கே?"

கட்நட் பருப்பு எங்களுக்குச் சாப்பாடு. செருப்புக்கூட மாட்டாமல் போனேன். மரக்கம்பெனி எங்கள் கரையைச் சமப்படுத்தி, வெட்டிய கட்டைகளை அங்கே அடுக்கிக் கப்பலில் ஏற்றப் போகிறதாம். கீழே அச்சடித்திருந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது: 'நட்ட மரம் ஏதுமில்லை. கரையோரம் பதினேழு மீன்மயக்கி மரங்கள், தாமாக முளைத்தவை. நிலத்துக்குரிய குடும்பத்துப் பெண்களிடம் கேட்கப்பட்டது. சம்மதித்தார்கள்.'

கையெழுத்து: செல்வின். என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி.

யாரைக் கேட்டார்? எந்த நாளில்? அன்றைக்கு நான் என்ன செத்தா கிடந்தேன்?

மார்ச் 9, புதன்

கிளினிக்கைப் பூட்டியதும் நேராக மாமா வீட்டுக்குப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"மாமா, எங்களை எப்போ கேட்டீங்க?"

"உக்காரு நெஸ்தாம்மா. கேக்கறதுக்கு என்ன இருக்கு? உங்க மனசு எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா? இப்போ என் மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க."

"கோபம் இருக்கு."

"அதாவது தெரியுதே."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கிளினிக்கில் விளக்கு இல்லை, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிரசவம் பார்க்கிறேன் என்று நான்தானே புலம்பினேன்? கம்பெனி சூரியவிளக்கு போட்டுத் தருகிறதாம். பள்ளிக்கூடத்துக்குக் கூரையும். "எல்லாம் உனக்காகத்தான்" என்றார்.

எனக்காக! என் புலம்பலை எடுத்து என் மரத்தையே வெட்டுகிற கோடரிக்குப் பிடி போட்டிருக்கிறார்.

தின்கிற கட்நட்டை விஷக்காய் மீன்மயக்கி என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டேன். "அது அளக்க வந்த பையன் எழுதினது. எனக்கு மரத்தோட பேரெல்லாம் என்ன தெரியும்?" என்றார். இந்த மகிரா தீவில் பல் முளைத்த நாளிலிருந்து கட்நட் தின்றவர் சொல்கிறார் இதை.

மார்ச் 12, சனி

அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பதினேழும் அம்மா கையால் நட்டவை. சின்ன வயதில் நட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. தலைவர்கள் சபையில் வந்து ஒரு வார்த்தை சொல் என்றேன். சேனைக்கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தாள்.

"செல்வின் பிறந்த அன்னிக்கே எங்கம்மா போயிட்டா. அவனை நான் தூக்கி வளர்த்தேன். ஊர் முன்னால அவனைப் பொய்யன்னு சொல்ல என் வாய் வராது."

"அப்போ அவர் சொன்னது பொய்னு நான் சொல்லட்டுமா?"

"நீ உன் வாயால எதை வேணா சொல்லு. என் வாயைக் கேக்காதே."

இந்தத் தீவில் நிலம் தாய் வழியில் வருகிறது. அம்மாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து என் மகளுக்கு. ஆனால் சபையில் எழுந்து பேசுவது தாய்மாமன். இது சரியா என்று நான் நாற்பத்து நான்கு வருடம் யோசித்ததே இல்லை. மாமா நன்றாகப் பேசுவார், நாம் ஏன் வெயிலில் போய் நிற்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கேஸ்பர் மலாய்ட்டாக்காரன், வேறு தீவு. "எங்க ஊர்ல பொம்பளைக்கு நிலமும் இல்லை, வாயும் இல்லை. உங்களுக்கு நிலமாவது இருக்கு. பாதிக் கிணறு தாண்டியாச்சு" என்றான். கிழங்குத் தோலை அவன் மேல் வீசினேன். பாதிக் கிணறு தாண்டினால் எங்கே விழுவோம் என்று அவனுக்குத் தெரியாதா?

மார்ச் 13, ஞாயிறு

கோயிலில் மாமா பைபிள் வாசித்தார். குரல் கணீரென்றிருந்தது. நான் கண்ணை மூடவில்லை.

மார்ச் 15, செவ்வாய்

அளக்க வந்த பையனைப் படகுத்துறையில் பிடித்தேன். வில்ஃபிரட் என்று பெயர், தலைநகர் ஹோனியாராவிலிருந்து வந்தவன், இருபத்தைந்து வயது இருக்கலாம். மரியாதையாகத்தான் பேசினான். கையில் மரங்களைப் பற்றிய புத்தகம் வைத்திருந்தான்.

"இங்க பாருங்க சிஸ்டர். மீன்மயக்கி, பாரிங்டோனியா. கட்நட்டும் பாரிங்டோனியா. புத்தகத்துல ரெண்டுக்கும் குடும்பப் பேர் ஒண்ணுதான்."

"எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்கூடக் குடும்பப் பேர் ஒண்ணுதான் தம்பி. அதுக்காக அவருக்குப் பிரசவம் பாக்க முடியுமா?"

அவன் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பதற்கு அனுமதியில்லை என்று நினைவு வந்தவன்போல முகத்தை மாற்றிக்கொண்டான்.

நான் விடவில்லை. மீன்மயக்கியின் காய் சதுரப் பெட்டிபோல இருக்கும். கடலில் மிதந்து போய் எந்தக் கரையிலும் தானே முளைக்கும். விதையைத் துருவிக் குட்டையில் போட்டால் மீன் மயங்கி மிதக்கும். கட்நட் கயிறு கயிறாகப் பூத்து, அந்தக் கயிற்றிலேயே காய் நெருக்கமாகத் தொங்கும். கத்தியால் பிளந்து பருப்பைக் குழந்தைக்குக் கொடுக்கலாம். மனிதக் கை வைக்காமல் வரிசையாக முளைக்காது. ஒன்று விஷம், ஒன்று சாப்பாடு. நீ இலையையாவது தொட்டுப் பார்த்தாயா?

"படகிலேர்ந்து பார்த்தேன்" என்றான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

படகிலிருந்து!

மார்ச் 19, சனி

ஆட்சேபம் எழுதிக்கொண்டு போய்ப் பெரியவர் இஷ்மேலிடம் கொடுத்தேன். தலைவர்கள் சபைக்கு அவர்தான் மூத்தவர். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்து இரண்டு தடவை படித்தார்.

"கையெழுத்து அழகா இருக்கு. ஆனா இதைச் செல்வின்தானே கொண்டு வரணும்?"

"செல்வின் மாமா மேலதான் பெரியவரே இந்த ஆட்சேபமே."

"அது புரியுது. நிலம் உங்களோடது, நான் இல்லைங்கலை. வாய் உன் மாமாவோடது."

நிலத்தை ஒருவர் உடம்பிலும் வாயை இன்னொருவர் உடம்பிலும் எந்தச் சாமி வைத்தது? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஏப்ரல் இருபதாம் தேதி விசாரணை என்று குறித்துக் கொடுத்தார். அதுவரை யாரும் கரையைத் தொடக் கூடாது என்றும் சொன்னார். அந்த அளவுக்கு நன்றி.

ஏப்ரல் 5, செவ்வாய்

மூணு மரத்தை வெட்டிட்டாங்க.

தடுப்பூசி போட மேட்டு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது எஞ்சின் சத்தம் கேட்டுது. ஓடினேன். அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. புல்டோசரை இறக்க வழி வேணுமாம். வழி! கரை முழுக்க வழிதானே? இந்தப் பக்கம் வெறும் மணல் கிடக்குதே, அது கண்ணுல படலையா?

மரம் பூத்திருந்தது. பூவெல்லாம் சேத்துல மிதிபட்டுக் கிடந்தது. காய்க் கொத்து அப்படியே சக்கரத்துக்கு அடியில. முத்தாத காய். நான் வண்டிக்கு முன்னால போய் நின்னுட்டேன். ஓட்டுறவனுக்கு என் பாஷை தெரியலை, அவன் பாஷை எனக்குத் தெரியலை. கையைக் காட்டி நகரு நகருன்னான். நான் உக்காந்துட்டேன். வெள்ளை யூனிஃபார்மோட சேத்துல உக்காந்துட்டேன். எஞ்சினை நிறுத்திட்டு இறங்கிப் போயிட்டான்.

மாமா தூரத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தார். வரலை. ஏன் வரலை? வந்து ஒரு அறை விட்டிருந்தாக்கூடத் தேவலையே—

எழுத முடியவில்லை.

ஏப்ரல் 6, புதன்

மீதி பதினான்கு. அம்மா காலையில் போய் வெட்டிய மரங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். கூடை நிறையக் காய் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தாள். உப்பு குறைவாக இருக்கிறது என்று மட்டும் சாப்பிடும்போது சொன்னாள்.

எனக்கு அவள் மேலும் கோபம். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் உப்பைப் பற்றிப் பேசுகிறாள்.

ஏப்ரல் 8, வெள்ளி

மாமா கிளினிக்குக்கு வந்தார். ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதாம். இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான் நர்ஸ், வேறு எங்கே போவார்? வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்தார். நானும் முறைப்படி கடைசியில்தான் கூப்பிட்டேன்.

கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். கொஞ்சம் அதிகமாகவே அடித்தேன் என்று நினைக்கிறேன்.

"எவ்வளவு இருக்கு?"

"என்னோடதை விடக் கம்மிதான்."

"நெஸ்தா, அன்னிக்கு நான் வெட்டச் சொல்லலை. அவனுங்களா வந்து—"

"நிறுத்தச் சொன்னீங்களா?"

மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஒன்று, காலையில், சாப்பாட்டுக்கு அப்புறம். எல்லாருக்கும் சொல்வதைப்போலவே சொன்னேன். அவர் போன பிறகு கைகழுவும் இடத்தில் நின்று அழுதேன். எனக்கு ஊசி போடக் கற்றுக்கொள்ளத் துணிச்சல் கொடுத்து, நர்ஸ் பள்ளிக்குப் படகில் கொண்டுபோய் விட்டவர் இந்த மனிதர். அதனால்தான் இவ்வளவு எரிகிறது. வேறு யாராவது என்றால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

ஏப்ரல் 20, புதன்

விசாரணை. எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கோயில் கொட்டகையில் கூட்டம். முன்னால் தலைவர்கள் ஆறு பேர், பக்கத்தில் மாமா, வில்ஃபிரட். பெண்கள் ஓரமாகப் பாயில். அம்மாவும் வந்திருந்தாள், ஊரே வருகிறது என்று வந்திருந்தாள், பேசுவதற்கு இல்லை என்று வழியிலேயே சொல்லிவிட்டாள். ஜெபம் முடிந்ததும் வில்ஃபிரட் காகிதத்தைப் படித்தான். மீன்மயக்கி மரங்கள் பதினேழு, தாமாக முளைத்தவை. சம்மதம்.

நான் எழுந்தேன். முன்னாலிருந்து ஒருவர், "உக்காரு நெஸ்தா. உங்க பக்கத்துக்கு உன் மாமா இருக்கார் பேச" என்றார்.

"நான் பேச எந்திரிக்கலை. பரிமாற எந்திரிச்சேன்."

கூடையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போனேன். வெட்டாமல் நிற்கிற மரங்களிலிருந்து காலையில் பறித்தவை. கூட்டத்தில் கட்நட் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? பிளந்து பிளந்து தின்றார்கள். வில்ஃபிரட்டும் எடுத்தான். மாமா இரண்டு எடுத்தார். நான் காத்திருந்தேன்.

"பெரியவரே, நல்லா இருக்கா?"

"இது என்ன கேள்வி? இன்னொண்ணு குடு" என்றார் இஷ்மேல்.

"தலை சுத்துதா? வயித்தைப் பிசையுதா? நர்ஸுங்கறதால கேக்கறேன். இப்போ படிச்ச காகிதப்படி நீங்க தின்னது மீன்மயக்கி."

வில்ஃபிரட் மெல்லுவதை நிறுத்தினான். அப்புறம் பாயில் ஒரு பெண் சிரிக்க ஆரம்பித்தாள், கொட்டகை முழுவதும் பற்றிக்கொண்டது. இஷ்மேல் சிரிக்கவில்லை. கையிலிருந்த தோலைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"செல்வின், கட்நட் தானா முளைச்சு வரிசை கட்டி நிக்குமா?"

மாமா வாயைத் துடைத்துக்கொண்டார். "நிக்காது. சரி, பையன் தப்பா எழுதிட்டான். நட்ட மரம்தான். ஆனா நட்டது யாரு? நான். சின்ன வயசுல என் கையால நட்டேன். என் மரத்தை நான் குடுக்கறேன். இதுல யாரைக் கேக்கணும்?"

அவர் அப்படிச் சொல்வார் என்று நினைக்கவே இல்லை. நான் அப்போது பிறக்கவே இல்லை; என்னால் என்ன சாட்சி சொல்ல முடியும்? சிரித்த பெண்கள் எல்லாரும் அடங்கிவிட்டார்கள்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை.

"தம்பி, இங்க பாரு. நீயா நட்டே?"

மாமா திரும்பினார். "நாம... நாமதான் அக்கா நட்டோம்."

"நாம. ஆமா, நீயும் இருந்தே. என் முதுகுல இருந்தே."

அம்மா பாயை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள்.

"எனக்குப் பதினாலு வயசு. நம்ம பழைய மரமெல்லாம் மேட்டுல இருந்துது. உன்னைச் சுமந்துக்கிட்டு அவ்வளவு தூரம் ஏற முடியலை, நீ கனம். அதனால வீட்டு ஓரத்துலயே நடலாம்னு விதை கொண்டு வந்தேன். குழி தோண்டக் குனிஞ்சா என் முடியைப் பிடிச்சு இழுப்பே. இறக்கி விட்டா மண்ணைத் தின்னுவே. பதினேழு குழி. உனக்குத் திங்க வேணும்னுதான் நட்டேன் தம்பி. இதைத்தான் நீ யாரையும் கேக்காம குடுத்தே."

இஷ்மேலைப் பார்த்துச் சொன்னாள்: "எழுதறவரை எழுதிக்கச் சொல்லுங்க. என்னை யாரும் கேக்கலை. கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

உட்கார்ந்துவிட்டாள். மாமா நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். எனக்கு வெற்றி என்று தோன்றவில்லை. ஒரு பெரிய மனிதர் எல்லார் முன்னாலும் குழந்தையாகிப் போனதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் கேட்டேன், கொஞ்சம் கத்தித்தான் கேட்டேன்: இதை ஒரு மாதம் முன்னாலேயே சொல்லியிருந்தால் மூன்று மரம் நின்றிருக்குமே?

"அப்போ அவன் காகிதத்துல பொய் சொன்னான். காகிதம் எவனோடதோ. இன்னிக்கு நான் உக்காந்திருக்கும்போது சொன்னான்."

எனக்கு இது போதுமான பதிலாகத் தெரியவில்லை. இப்போதும்.

மே 3, செவ்வாய்

தீர்ப்பு கடைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, அதே இடத்தில். எங்கள் கரையில் கட்டை ஏற்றும் துறை கிடையாது. இனிமேல் நிலத்துக்குரிய பெண்களை நேரில் கேட்டு, அவர்களே கையெழுத்துப் போட்டால்தான் எந்தக் காகிதமும் செல்லும். வெட்டிய மூன்று மரங்களுக்குக் கம்பெனி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்டார்கள். கப்பலிலிருந்து ஒரு பெட்டி டின் மீன் வந்தது. அம்மா தொடவில்லை, கேஸ்பர் இரண்டு டின்னை உடைத்துத் தின்றுவிட்டான், அவனோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

கிளினிக்குக்கு விளக்கு வராது. நேற்றும் மெழுகுவத்தியில்தான் தையல் போட்டேன். அதையும் என் கணக்கில்தான் வைக்கிறார்கள் சிலர். "உன் மரத்துக்காக எல்லாரும் இருட்டுல" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். விளக்கு வேண்டுமென்றால் அரசாங்கத்திடம் கேட்க வேண்டும், மரத்திடம் இல்லை என்றேன். மூன்றாவது மனு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

மே 19, வியாழன்

புல்டோசரைப் பெரிய தட்டைப்படகில் ஏற்றி அடுத்த வளைகுடாவுக்குக் கொண்டு போனார்கள். இங்கே எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அங்கே இருக்கிற பெண்களை யார் கேட்டார்கள்? வில்ஃபிரட் இந்தத் தடவையாவது படகை விட்டு இறங்கினானா?

மாமா நான்கு வாரமாகக் கோயிலில் வாசிக்கவில்லை. மாத்திரைக்கு அத்தையை அனுப்புகிறார். அனுப்பட்டும்.

ஜூன் 14, செவ்வாய்

காலை முழுவதும் இருமல், சளி. மதியம் மாமா வந்தார். கூட ஒரு பெண், அடுத்த வளைகுடாக்காரி, பெயர் டோரீன். என் வயதுதான் இருக்கும். கையில் நான்காக மடித்த காகிதம், வியர்வையில் நனைந்திருந்தது. மாமாதான் அவளைத் தேடிப் போய், ஓடத்தில் ஏற்றி, நான்கு மணி நேரம் துடுப்புப் போட்டுக் கூட்டி வந்திருக்கிறார்.

"இவங்க கரைக்கும் அந்த அளக்கற பையன் அதே மாதிரி எழுதியிருக்கான். இவங்க மாமனும் என்னை மாதிரிதான்" என்றார் வாசலில் நின்றே. என்னைப் பார்க்கவில்லை. "நான் பேச வரலை. வழி தெரியாதேன்னு கூட்டி வந்தேன். என்ன செய்யணும்னு நீ சொல்லு இவங்களுக்கு."

டோரீனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவள் கரையில் கட்நட் இருபத்திரண்டு. யார் யார் நட்டது என்று எல்லாப் பெயரும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினேன்.

பாதியில் மழை பிடித்துக்கொண்டது. மாமா ஓடத்துக்கும் போகாமல், கிளினிக் கூரைக்கும் வராமல் வெளியில் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஒன்பதாவது பெயர் எழுதும்போது சொன்னேன்.